பிலிமில் விழாத படங்கள்

2003-ஆம் வருடம், பொங்கல் முடிந்து சில நாட்கள் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ரோலிங் மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், காலில் இரும்புக் கம்பி விழுந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். எனக்கு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, அவரைப் பார்த்துக்கொள்வது. ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேமரா. பழசாக வாங்கிய ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு லீவு நாளில் கிளம்பிவிடுவார். குளிர்காலம் வந்தால் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளைப் படம் எடுக்கப் போயே தீர வேண்டும். அந்த வருடம் முடியாது என்று ஆனதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உடைந்த காலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல், "பிலிமைப் போட்டுக் குடுங்க, நானே போயி எடுத்துக்கினு வரேன்" என்று வாயை விட்டுவிட்டேன். படுத்தபடியே பிலிமை மாட்டினார். எதைத் தள்ள வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று காட்டினார். பல நாள் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். இருந்த ஒரு லீவும் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். பூநாரைகள் எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. அலுத்துப்போய்ப் பக்கத்தில் இருப்பதை எடுக்க ஆரம்பித்தேன். துண்டால் முகத்தை மூடிப் படகுக்குள் தூங்கியவர். காயும் இறாலுக்குக் காவலாக, ஒற்றைச் செருப்போடு நின்ற சின்னப் பெண். தண்ணீரில் என் நிழல். கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்ததும் கால்வலியும் மறுநாள் ஷிப்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. இந்த மனுஷன் ஏன் இப்படி அலைகிறார் என்பது அன்றுதான் புரிந்தது.

திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் பிலிமைக் கேமராவோடு கொடுத்தேன். இருட்டறைக்குள் போன கடைக்காரர் உடனே வெளியே வந்துவிட்டார்.

"பிலிமு உள்ள சுருள்ல மாட்டவே இல்லம்மா. ஒண்ணுகூட விழல. சும்மா அமுக்கிக்கினு இருந்திருக்கீங்க."

மாட்டியது அவர். சொன்னால், இதுகூட நம்மால் முடியவில்லையே என்று இன்னும் ஒடிந்துபோவார். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும், "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன், ஒண்ணும் விழல" என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் லீவரத் தள்ளினியே, அப்போ இந்தப் பக்கத்துக் குமிழு சுத்திச்சா?"

"இல்ல."

"பிலிமு நகந்திருந்தா அது சுத்தியிருக்கும். அப்போ நான் மாட்டினதுதான் செரியில்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ என் பக்கம் திரும்பினார். அப்புறம், "செரி, மொதோ படம் இன்னா எடுத்த, சொல்லு" என்றார்.

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். செருப்புப் பெண்ணிடம் வந்ததும், "நின்னுக்கினே எடுத்தியா? அவ ஒசரத்துக்குக் குந்திக்கினு எடுத்திருக்கணும்" என்றார்.

"விழாத படத்துக்கு நொட்டை வேறயா!" என்றேன். சிரித்துவிட்டார். அடிபட்ட நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாதத்தைப் போட்டு வைத்துவிட்டு, மீதிப் படங்களையும் சொல்லி முடித்தேன்.

இன்றும் ஷிப்ட் முடிந்து அலுத்துப்போய் வரும்போது, "இன்னிக்கு இன்னா பாத்த?" என்று கேட்கிறார். கையில் கேமரா இருக்காது, உடம்பில் தெம்பும் இருக்காது. ஆனாலும் அவருக்குச் சொல்ல எதையாவது ஒன்றைப் பார்த்து வைக்காமல் நான் வீட்டுப் படி ஏறியதில்லை.