பைக்குள் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்

லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். பேட்டரி போச்சு, மாத்து. கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சூப்பர்வைசர் நான் பேசி முடிப்பதற்குள் சொன்னார். அந்தச் சார்ஜ் எங்கே போகிறது என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

கல்வராயன் மலை ஊர்களுக்குப் போய் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பெயர் பதிவது என் வேலை. ஒப்பந்த வேலைதான். லேப்டாப்பை நாமே கொண்டுவர வேண்டும். என்னுடையது தம்பி கல்லூரியில் வைத்திருந்தது. பழசு, ஆனால் வீட்டில் ஒழுங்காக ஓடும். மலைக்குப் போனால் மட்டும் செத்துப்போகும்.

ஒரு தடவை மலைமேல் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பதிந்துகொண்டிருந்தேன். கம்பியில் மரம் விழுந்து ஊரில் கரண்ட் இல்லை. வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. நிற்க முடியாமல் சுவரோரம் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அதற்குள் அட்டை வேண்டும். முன்னால் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பெயரை அடித்து முடித்தேன், கைரேகை வைப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. அவள் புருஷன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாக்கைச் சுருட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனான்.

அந்த வாரம் முழுக்க அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டினேன். திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். புளூடூத்தை அணைத்தேன். தேவையில்லாத புரோகிராம்களை அழித்தேன். கைரேகை மெஷினை வேலை இல்லாதபோது பிடுங்கி வைத்தேன். கடைசியில் புது பேட்டரியும் போட்டேன். வீட்டில் காலை முழுக்க நின்றது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. காலையில் கச்சிராயபாளையம் ஆபீசில் லாகின் செய்தால்தான் வருகை விழும். மேலே பல ஊர்களில் சிக்னல் கிடையாது, அங்கே மறுபடி லாகின் செய்ய முடியாது. அதனால் கீழே செய்த லாகின் கலையக் கூடாது. கலையாமல் இருக்க லேப்டாப் அணையக் கூடாது. மூடினாலும் அணையாதபடி பயிற்சியிலேயே எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் அதை மூடி, பஸ் குலுக்கலில் அடிபடாமல் துண்டால் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுவோம். எல்லோரும் அப்படித்தான். யாருக்கும் இது தப்பாகவே படவில்லை.

பை எப்போதும் சீட்டுக்கு அடியில் கிடக்கும். அடுத்த முறை போனபோது அங்கே யாரோ தீவன மூட்டை வைத்திருந்ததால் மடியில் வைத்துக்கொண்டேன். பாதி மலை ஏறுவதற்குள் தொடை சுட்டது. பையைத் திறந்தால் துண்டு சலவைப் பெட்டிக்கு அடியில் கிடந்த மாதிரி இருந்தது. உள்ளே ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. புது பேட்டரியில் பாதி காலி. துண்டுக்குள் மூச்சு முட்ட ஓடியே அத்தனையும் தீர்ந்திருக்கிறது. வந்த ஆத்திரத்தில் அங்கேயே அதை முழுசாக அணைத்தேன். லாகினும் போனது.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் அதே சுவரோரம் இருந்தாள். புருஷன் இந்த முறை வாயைத் திறந்தான்.

“இன்னா மேடம், இன்னிக்காவது பொட்டி உயிரோட கீதா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பொட்டி உயிரோடு இருக்கிறது, சிக்னல்தான் வேண்டும் என்றேன். மரவள்ளிக் கொல்லைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, ஊரே அங்கே போய்த்தான் போன் பேசும் என்றார்கள். கைரேகையும் சிக்னல் இருக்கும் இடத்தில் வைத்தால்தான் பதிவு எண் உடனே வரும், அதனால் அவளும் வர வேண்டியிருந்தது. கொல்லை வரைக்கும் புருஷன் அவளைத் தன் பைக்கில் உட்கார வைத்து ஓட்டினான். அதற்கு மேல் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

பாறையில் என் போன் சிக்னலை வைத்து லாகின் செய்தேன். வேறு இடத்திலிருந்து செய்தால் காலையில் விழுந்த வருகை ரத்தாகும். தெரிந்துதான் செய்தேன். சூப்பர்வைசர் உடனே கூப்பிட்டார்.

“எங்கம்மா கீறீங்க? ஆப்சென்ட் காட்டுது.”

“பாறை மேல கீறேன் சார்.”

“அங்க இன்னா வேல? பேட்டரி மாத்த சொன்னனே, மாத்துனீங்களா?”

“மாத்திட்டேன். நான் வந்தனா இல்லியான்னு நீங்க பாக்கறதுக்கு, அத பைக்குள்ள ஓட வுட்டுக்கினு மல ஏறணும். சார்ஜ் அங்கதான் சார் போவுது.”

“அத்தெல்லாம் மேலிடத்துல பேசிக்கங்க. ஆப்சென்ட்னா ஆப்சென்ட்தான்.”

“போட்டுக்குங்க. போன வைங்க, ஒரு அம்மா கை வெக்கணும்.”

அவள் கட்டைவிரல் தேய்ந்துபோயிருந்தது, மெஷின் பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்து, வேறு விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒருவழியாகப் பிடித்தது. பதிவு எண் வந்ததும் அவள் புருஷன் அதே பாறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தான். கொடுத்த தேதிக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கும் அங்கேயே உட்கார்ந்து பதிந்தேன். கடைசி ஆள் வரைக்கும் சார்ஜ் நின்றது. அவளைத் திரும்பவும் இரண்டு பேர் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசில் உட்கார்ந்து அந்த விதியை எழுதினவன் ஒருநாள் இங்கே வந்து இதைப் பார்க்க வேண்டும். வரமாட்டான்.