பதினான்காம் பக்கத்துப் பெட்டி

எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கு மாமியார் என்று பெயர் வைத்தது, டைப் அடிக்கிற எங்கள் டைப்பம்மாதான். "ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லணும். ரெண்டாவது சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். மூணாவது சொன்னா படுத்துக்கும்" என்பாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாமியாரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று முதலாளி கேட்டால், "நீங்கதான் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கீங்களே சார். ஏழு வருஷமா அதோடதானே குடித்தனம் பண்றேன்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வாள்.

கடை சின்னது. பக்கத்தில் கோர்ட், எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. தெருவைப் பார்த்த கண்ணாடியை ஒட்டி அவள் மேஜை. உள்ளே சுவரோரம் பிரிண்டரும் என் பைண்டிங் பலகையும். அவள் அடித்ததை நான் அடுக்கி, துளை போட்டுத் தைத்து, அட்டை ஒட்டுவேன்.

அந்த மெஷினில் ரேம் குறைவு. அப்படியென்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "உங்க பலகை மாதிரிதான்க்கா. பலகை சின்னதா இருந்தா நூறு தாளையும் பரப்ப முடியுமா? கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத்தானே தைக்கணும்?" என்றாள். ஐந்தாவது வரை படித்த எனக்கே உடனே விளங்கிவிட்டது.

அந்தச் சின்னப் பலகையில் அவள் எப்படியெப்படியோ இடம் பிடிப்பாள். திரையில் பூப்படம் கிடையாது. தப்பான சொல்லுக்கு அடியில் மெஷின் போடும் சிவப்புக் கோட்டை நிறுத்திவிட்டாள். என் தப்பை நானே பார்த்துக்குவேன், அதுக்கெதுக்கு தனியா ஒரு ஆளு என்பாள். நீளமான வேலையைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பாள். தானாகச் சேவ் ஆவதையும் நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் படுக்குமாம். அதனால் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இடது கை விரல் இரண்டால் அவளே சேவ் போடுவாள். என்னோடு பிரார்த்தனைக்கு வந்து உட்கார்ந்தாலும் மடியில் அந்த இரண்டு விரலும் தட்டிக்கொண்டே இருக்கும்.

"கடவுள்கிட்டயும் சேவ் போடுறியா?"

"பாதியில கரண்ட் போச்சுன்னா என்னக்கா பண்றது?"

படம் சேர்ந்த வேலைதான் அந்த மெஷினுக்கு ஆகவே ஆகாது. நான்கு படம் வைத்தால் போதும், ஒரு எழுத்து அடித்துவிட்டு அது திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். படம் உள்ளேதான் இருக்கும். ஆனால் திரையில் அந்த இடத்தில் வெறும் பெட்டி ஒன்று மட்டும் தெரியும். பிரிண்ட் போட்டால் தாளில் படம் ஒழுங்காக விழும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

உறவென்று அவளுக்கு ஒரே ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே இவள்தான். அவன் பெயின்டர். கேட், கிரில், ஷட்டர் என்று இரும்புக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்கள் கடை ஷட்டருக்கு நீலம் அடித்ததும் அவன்தான். மத்தியானத்தில் வந்து கண்ணாடியை நகத்தால் தட்டுவான். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நகத்தில் இருக்கும் கறுப்பு பெயின்ட் போகாது.

"பெரியக்கா, உங்க கடவுள்கிட்ட சொல்லி எங்கக்காவுக்கு நிஜ மாமியார் ஒண்ணு பாக்கக்கூடாதா?" என்று என்னிடம் கேட்பான்.

"முதல்ல உனக்கு ஒரு பொண்டாட்டி பாக்கச் சொல்றேன், இருடா."

"ஐயோ, அவரு வேலைய ஏன் கெடுக்குறீங்க."

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தூரத்தில் வேலை கிடைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான். போன் வாங்கித் தந்தால் தொலைத்துவிடுவான். இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல வந்து கண்ணாடியைத் தட்டுவான். இவள் திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு போடுவாள்.

அன்றைக்கு அவள் கோர்ட் வேலை ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். எண்பது பக்கம். வெட்டி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டும்போது மெஷின் மூச்சு வாங்கும். வக்கீல் வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் டொக் டொக் என்று கேட்டது.

"அக்கா, ரெண்டு நிமிஷம் வெளிய வாயேன்."

"பாதி ஒட்டியிருக்கேன்டா. இப்ப விட்டா மாமியார் படுத்துக்கும், எல்லாம் போயிரும்."

"ரெண்டே நிமிஷம்."

"சாயங்காலம் வீட்டுல பேசலாம். போ."

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். நான் நிமிர்ந்து பார்த்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த முறை நிமிர்ந்தபோது அவன் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரவில்லை. வழக்கம்தானே என்று முதல் இரண்டு வாரம் அவள் கோபமாகவே இருந்தாள். மூன்றாவது வாரம் கோபம் போய்விட்டது. மற்ற பெயின்டர்களிடம் விசாரித்தாள். ஊருக்கு வெளியே ஏதோ மில் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனான் என்றார்கள். எந்த மில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான்காவது வாரம் அவளும் நானும் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் போய்க் கேட்டோம். வயது முப்பத்தாறு, தாடி இல்லை என்று சொன்னோம். அப்படி யாரும் வரவில்லை என்றார் குமாஸ்தா. வெளியே வந்து மரத்தடியில் நின்று இரண்டு பேரும் கடவுளுக்கு நன்றி சொன்னோம்.

அதற்கு அடுத்த வாரம் அதே குமாஸ்தா எங்கள் கடைக்கு வந்தார். யாரும் தேடி வராமல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் பட்டியலை அடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம்; வயது, உடம்பு, உடுப்பு, அடையாளம், கீழே போட்டோ. அதைத் தைத்துப் போலீஸ் ஸ்டேஷனில் வைப்பார்களாம், யாராவது புரட்டிப் பார்த்து வருவார்கள் என்று. வழக்கமாக அடிப்பவர் லீவு. மொத்தம் இருபத்திரண்டு பேர்.

"போட்டோவையெல்லாம் பாக்காதீங்கம்மா, சோறு இறங்காது. நம்பர் போட்டிருக்கேன். நம்பருக்கு நம்பர் வெச்சிடுங்க, போதும்" என்றார்.

"இருபத்திரெண்டு போட்டோவ எங்க மாமியாரும் பாக்காது சார்" என்றாள் அவள்.

பெட்டி வித்தையைப் போட்டுத்தான் அந்த வேலையை முடித்தாள். எழுத்தை ஒன்றுவிடாமல் படித்து அடித்தாள். வயது வரும் இடத்தில் மட்டும் அவள் கை ஒரு நொடி நிற்கும். அது எதற்கென்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்துக்குச் சேவ் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, முப்பத்தாறு ஒண்ணுகூட இல்லக்கா."

"அவன் எங்கயோ நல்லா இருக்கான்மா. வருவான்."

பிரிண்டர் என் பக்கத்தில் இருந்தது. தாள்கள் வரவர நான் அவற்றைக் கவிழ்த்து வைத்தேன். செத்தவர் முகத்தை வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயமும் இருந்தது. முகம் பார்க்காமல், ஒவ்வொரு தாள் மேலும் கை வைத்து, கடவுளே, இவர்களைத் தேடுகிறவர்கள் கண்ணில் இதைக் காட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இருபத்திரண்டு முறை வேண்டிக்கொண்டேன். பிறகு கவிழ்த்த வாக்கிலேயே துளை போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். முதலாளி ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு ஒன்றை எடுத்தார். ரேம். இப்போது இருப்பதைப்போல நான்கு மடங்கு.

"உன் மாமியாருக்கு நாக்கு மட்டும்தான் நீளமா இருந்துச்சு. இனிமே கையும் வேலை செய்யும்" என்றார்.

"இதை ஏழு வருஷம் முன்னாடியே வாங்கியிருந்தா நான் ஒல்லியாகியிருக்க மாட்டேன் சார்."

அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். மூடியைக் கழற்றி முதலாளியே தகட்டைப் பொருத்தினார். மெஷின் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துகொண்டது. நானும் பலகையை விட்டுவிட்டுப் போய் அவள் பின்னால் நின்றேன்.

"இருக்கிறதுலயே கனமான ஃபைல் எதும்மா? அதைத் திற. தாங்குதான்னு பாப்போம்."

"ஆஸ்பத்திரி லிஸ்ட்டுதான் சார்" என்றாள். திறந்தாள். பெட்டி வித்தையை எடுத்துவிட்டாள். முதல் பக்கத்துப் பெட்டி மறைந்து முகம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. தடையே இல்லை. "பாத்தியா, பறக்குது" என்றார் முதலாளி. அவள் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

பதினான்காம் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

ஆண். வயது சுமார் ஐம்பது. மெலிந்த உடல். நரை கலந்த தாடி. பழுப்புச் சட்டை. அடையாளம்: நகங்களில் கறுப்பு அழுக்கு.

எல்லாம் அவள் அடித்த எழுத்து. கீழே தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அவள் கத்தவில்லை. இடது கை விரல் இரண்டும் தானாகப் போய்ச் சேவ் போட்டன. பிறகு மறுபடியும் போட்டன. "தாடி விட்டிருக்கான்" என்றாள். "யாரும்மா அது?" என்று முதலாளி கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "இவ்ளோ தாடி விட்டா எப்படிக்கா அடையாளம் தெரியும்" என்று என்னையே கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் குமாஸ்தா பதிவேட்டை விரித்து விரலால் தேடினார். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சுவலி. பேச்சே இல்லையாம். மறுநாள் காலையில் போய்விட்டான். நாங்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனதற்கு மூன்றாம் நாள் அது.

"நான் இந்த லிஸ்ட்ட அடிச்ச அன்னைக்கு அவன் எங்க இருந்தான் சார்?"

குமாஸ்தா பேனாவை மூடினார்.

"எங்க இருந்தான்?"

"இங்கதாம்மா. கீழ, ஐஸ் ரூம்ல. அதுக்கப்புறம் ஒம்போது நாள் வெச்சிருந்தோம். யாரும் வரல."

"நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே சார் இருந்தேன்."

"வயசு நான்தாம்மா எழுதினேன். பாக்க அம்பது மாதிரிதான் இருந்துச்சு." அவர் குனிந்தே இருந்தார்.

"அது அழுக்கு இல்ல சார். பெயின்ட்டு."

அவனைப் புதைத்த இடத்துக்கு இரண்டு பேரும் போனோம். ஊர் எல்லையில் ஒரு வெற்று நிலம். வரிசையாக இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அவனுடையது துரு ஏறிச் சாய்ந்திருந்தது. அவள் அதை நிமிர்த்தி, விரலால் துருவைத் தேய்த்துப் பார்த்தாள். "இதுக்கு ஒரு கோட் பெயின்ட் அடிச்சிருக்கலாம். இவனே அடிச்சிருப்பான்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வரும் வழியில், "முகத்த வெறும் பெட்டியாக்கினது நான்தானேக்கா" என்றாள். அந்தத் தாளை நானும்தான் கையில் பிடித்தேன். திருப்பியிருந்தால் தாடிக்குள் இருந்தாலும் அவனை எனக்குத் தெரிந்திருக்கும். தேடுகிறவர் கண்ணில் காட்டும் என்று வேண்டிக்கொண்டே தேடுகிறவளுடைய தாளைக் கவிழ்த்தவள் நான். அதை அவளிடம் அன்றே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள், ஒன்றும் பேசவில்லை. கடவுளிடமும் சொல்லிவிட்டேன். அவரும் இன்னும் ஒன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரிப் பட்டியல் இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறது. வேண்டாம் என்று முதலாளி சொல்லியும் அவள் விடவில்லை. பெட்டி வைப்பதில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறாள். அழுக்கு என்று எழுதியிருந்தால் என்ன அழுக்கு என்று குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். நானும் தாள்களை நிமிர்த்தி வைத்தே தைக்கிறேன்.

அவள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "ரெண்டு நிமிஷத்துல என்னக்கா சொல்லியிருப்பான்?" நெஞ்சு வலிக்கிறது என்றா, வேலைக்குப் போகிறேன் என்றா, இல்லை வெறும் கேலிப் பேச்சா?

மாமியார் இப்போது படுப்பதே இல்லை. எண்பது பக்கத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்து, பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாலும் அப்படியே இருக்கிறது. வழி கேட்பவரோ, பேனா கேட்பவரோ, யார் வந்து கண்ணாடியைத் தட்டினாலும் அவள் அடித்துக்கொண்டிருக்கும் சொல்லைக்கூட முடிக்காமல் கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள்.