மூக்கத்தை குடித்த டீ

நான் வெளிநாடு கிளம்பிய அன்று அத்தைதான் பஸ் நிலையம் வரை வந்தார். என் பையைக் கையில் வாங்கியதுமே, "ஈரத் துண்டை மடிச்சு வச்சிருக்கே, எடுத்துத் தோள்ல போடு" என்றார். துணிகளுக்கெல்லாம் அடியில் கிடந்த துண்டு அது. அத்தை அப்பாவின் அக்கா. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. அவருக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் யாரும் ஒரு சிகரெட் பிடித்ததில்லை. அதனால் எங்களுக்கு அவர் மூக்கத்தை.

என் பஸ் நகர்ந்தபின் வீட்டுக்குத் திரும்பச் சாலையைக் கடந்த அத்தையை ஒரு கார் அடித்துத் தள்ளியது. பின்மண்டை நடைபாதை விளிம்பில் மோதியது. நல்லவேளை, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று அப்பா போனில் சொன்னார். நானும் அப்பாடா என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில், அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகைந்துகொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அத்தை பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். வாசனைக்கான நரம்பு நசுங்கிவிட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர்.

கம்பெனி அவரைக் கிடங்குக்கு அனுப்பியது. பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை. பிழைப்பே போய்விட்டது என்று ஒப்புக்கொண்டு கீழ்க் கோர்ட் நல்ல நஷ்டஈடு கொடுத்தது. காருக்கான இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. வாசனை தெரியவில்லை என்பதற்கு இந்த அம்மாவின் வாய்வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

விசாரணைக்கு நான் ஊர் திரும்பியிருந்தேன். கோர்ட் வராந்தாவில் காத்திருந்தபோது எங்கள் வக்கீல் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். அத்தை வேலை செய்கிற மாதிரியே குடித்தார். சர்ரென்று காற்றோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, எழுந்துபோய்த் தொட்டிச் செடியில் துப்பினார். "பழைய தூளையே திரும்பக் கொதிக்க வச்சிருக்கான்" என்றார். நாங்கள் சிரித்தோம். அடுத்த பெஞ்சில் கறுப்பு அங்கியோடு ஒருவர் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் முதலில் எழுந்தவர் அவர்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். வாசனையே தெரியாது என்கிற அம்மா வாசலில் ஒரு வாய் டீயில் பழைய தூளைக் கண்டுபிடித்ததைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். எங்கள் வக்கீல் இதெல்லாம் சாட்சியமாகாது என்று எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"அப்படிச் சொன்னீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன்.

"சொன்னேங்க. நாக்கைப் பிடிக்கிறதுல தெரியும். துவர்ப்பு தொட்டுப் பாக்கிற மாதிரிதாங்க, அதுக்கு மூக்கு வேணாம், வாசனை வேற..."

போதும் என்பதுபோல் நீதிபதி கையைத் தூக்கினார்.

தீர்ப்பில் கால் பங்குதான் மிஞ்சியது. தொழிலுக்குரிய புலனை அடியோடு இழந்ததாக நம்ப இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். படியில் இறங்கும்போது எங்கள் வக்கீல் ஆற்றாமல் கேட்டார், அந்த டீயைச் சும்மா குடித்திருக்கக் கூடாதா என்று.

"வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து எந்த டீயையும் சும்மா குடிச்சதில்ல தம்பி" என்றார் அத்தை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "காசு போகட்டும். பொய்க்காரின்னுட்டாங்கல்ல."

ஊரில் கால் தரிக்காமல் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். அத்தை கிடங்கிலேயே ஓய்வு பெற்றார். எவ்வளவோ காலம் கழித்து, பெயர் தெரியாத ஒரு ரயில் நிலையத்தில் நின்றபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு முறை படித்தும் நம்ப முடியவில்லை.

"பக்கத்து வீட்டுல என்னமோ கருகுச்சு. எனக்கு வாசனை வந்துதுடி. நானே போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. கோர்ட்டுல நின்ன அன்னைக்கும் தெரிஞ்சுதுன்னு ஆயிடும்."