சத்தம் போட்டுக் காட்டுங்க

“மெஷின் கிடக்கட்டும்மா. நீங்க உங்க வாயால சத்தம் போட்டுக் காட்டுங்க. ‘உய்ங்’னு இழுக்குதா, ‘கொர்ர்’னு திணறுதா?”

மறுமுனையில் இருப்பவர் முதலில் சிரிப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். வக்கீலோ வங்கி மேலாளரோ, யாராக இருந்தாலும் காதண்ணன் விடமாட்டார். வீட்டைத் தானே சுற்றிச் சுற்றிப் பெருக்கும் வட்ட ரோபோ, வேலை முடிந்து தன் பெட்டியில் வந்து நின்றதும், அதன் வயிற்றிலிருக்கும் குப்பையைப் பெட்டி உறிஞ்சித் தன் பைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் சேவை மையத்துக்குப் போன் வரும். அந்த மையத்தின் நீளமான கூடத்தில் கடைசி மேசை இவருடையது.

‘உய்ங்’ என்றால் மூடி சரியாகப் படியவில்லை, காற்று கசிகிறது. ‘கொர்ர்’ என்றால் குழாயில் அடைப்பு. உறுமிவிட்டு ‘டப்’பென்று நின்றால் பை நிரம்பிவிட்டது. எந்தச் சத்தமுமே இல்லை என்றால் ப்ளக்கை மாட்டவில்லை. அதற்கும் போன் செய்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. தூக்கிப்போட வேண்டிய பையைத் துவைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுகிறவர்கள்மேல் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். “துவைச்சீங்களா? நல்லா வெளுத்துச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான், நனைந்து காய்ந்த பையில் காற்று புகாது என்று சொல்வார்.

மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், கழுத்துவலித் தைலம், மனைவி கட்டிக் கொடுத்த டப்பா. தலை எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். வாடிக்கையாளர்கள் கத்திக் காட்டுவதை அவர் ரசிக்கிறார் என்று கூடமே நினைக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

உண்மை அதுவல்ல. முன்பெல்லாம் போனைப் பெட்டியருகே பிடிக்கச் சொல்லி, கேட்ட மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுவார். காதண்ணன் என்ற பெயர் அப்போது வந்தது. வருடக்கணக்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததாலோ என்னவோ, அந்தச் சன்னமான சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்விட்டன. ஒலியைக் கடைசிவரை கூட்டிவைத்தால் மனிதக் குரல் கேட்கிறது. மெஷின் பேசுவது கேட்பதில்லை. அதனால்தான் மனிதரை மெஷின்போலக் கத்தச் சொல்கிறார்.

இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். இந்த வயதில் வேறெங்கே போய் நிற்பது? பயத்தில் பாதித் தூக்கம் போயிற்று. ஒருமுறை காது மருத்துவரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து மேசைக்காரர் தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, “என்னண்ணே, இங்க?” என்றார். “பல்வலி” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சமையலறையிலிருந்து மனைவி எதையாவது கேட்பாள், பதில் வராது. ஊரார் குப்பையைப் பற்றி நாள் பூராவும் பேச முடிகிறது, கட்டினவளிடம் ஒரு வார்த்தை பேச வாய் வலிக்கிறது என்று அவள் பொருமுவாள். மகளும் இப்போதெல்லாம் அவரிடம் எதையும் சொல்வதில்லை. அவர் மறுத்துப் பேசுவதில்லை. செவிடன் என்ற பெயரைவிடச் சிடுமூஞ்சி என்ற பெயரே மேல் என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். கூச்ச சுபாவம்போலிருக்கிறது, கத்திக் காட்டச் சொன்னதும் ஏதோ ஒப்புக்கு முனகினார். மோட்டார் போய்விட்டது என்றார் காதண்ணன். மோட்டாரை மாற்றியும் பெட்டி குப்பையை இழுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் தம்பி கம்பியை விட்டுக் குடைந்ததில் குழாயிலிருந்து ஒரு குழந்தையின் சாக்ஸ் வந்தது. புகார் வந்ததும் அந்த உரையாடலின் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் பெட்டி ‘கொர்ர், கொர்ர்’ என்று மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது.

இனி எல்லாரும் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லாரும் என்றாலும் யாருக்காக என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கண்ணாடி அறைக்குள் மேற்பார்வையாளர் காத்திருந்தாள். நல்ல பெண், அவரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாண்ணே. மூணே சத்தம்” என்று அவர் முகத்துக்கு நேராக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காதண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌஸின்மேல் விரல் அழுந்தியதுபோலிருந்தது. மனதுக்குள் கொஞ்ச நேரம் எண்ணிவிட்டு, புருவத்தைச் சுருக்கி, தலையைச் சாய்த்தார்.

“அடைப்பு” என்றார். “குழாய்ல துணி மாதிரி எதுவோ சிக்கியிருக்கு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு.”

அவள் திரும்பினாள். விரல் மௌஸின்மேல் அப்படியே நின்றது. உதடுகள் அசைந்தன, என்ன சொன்னாள் என்பதை அவர் அந்த உதடுகளில்தான் படித்தார்.

“சத்தத்தை இன்னும் போடலண்ணே.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை பார்க்கலாம் என்பதுபோல் கையைக் காட்டினாள். காதண்ணன் வேண்டாமென்று தலையசைத்து, ஹெட்போனைக் கழற்றினார். காதில் படும் பஞ்சு இரண்டையும் தன் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, ஒயரைச் சிக்கில்லாமல் சுருட்டி, அடுத்து வருகிறவருக்காக மேசையின் நடுவில் வைத்தார்.