மழைக்காகக் கட்டிய வண்டி

நாற்பத்தேழு வயது வரைக்கும் குமுதாவுக்கு மழை என்றால் கொடியில் காயும் துணியை ஓடிப்போய் எடுப்பது, அவ்வளவுதான். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அப்படி இல்லை. கூரையில் முதல் சொட்டு விழும்போதே எழுந்துவிடுவாள். வாசலுக்குப் போய் சாலையோர லோங்காங் சாக்கடையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பாள்.

அவள் கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஊசிமுனை ஓட்டையில் கசிந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. கணவர் ராதாகிருஷ்ணன் கிள்ளானில் லோரி மெக்கானிக்காக இருந்தவர். இனிப்பு நீர் நோய் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை.

அந்த வெள்ளம் வந்தது ஒரு சனிக்கிழமை. டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர்களுடைய சின்ன கார் மிதக்க ஆரம்பித்திருந்தது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு வந்துவிட, சமையலறையின் சிமெண்டு மேடைமேல் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். சனி போனது. ஞாயிறு போனது. ராதாகிருஷ்ணனின் முகமும் பாதங்களும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் குமுதாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். அவருடைய மூச்சை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு மூச்சுக்கு இடையில் கொஞ்சம் தாமதமானாலும் அவரை உலுக்கினாள்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் தொடையளவுக்கு இறங்கியபோது, உயரமாக்கிய ஒரு ஃபோர்வீல் ஜீப் வண்டி அலையைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. இருவரையும் ஏற்றிப்போய் மருத்துவமனையில் விட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அங்கே டாக்டர், இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்.

வீட்டைக் கழுவி முடித்த அன்று குமுதா கணவரிடம் சொன்னாள். "எனக்கு அந்த மாதிரி வண்டி ஒண்ணு வேணும்."

ராதாகிருஷ்ணன் சிரித்தார். "புது ஃபோர்வீல் வாங்கற ஆளுங்களா லா நாம?"

"புதுசு வேணாம். ஓடணும். தண்ணியில நிக்கக்கூடாது. செய்ய முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

அவர் காப்பார் ஊரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிடங்கின் பின்னால் பழைய லேண்ட் குரூசர் ஒன்று கிடப்பதைச் சொன்னார். 1979இல் வந்த டீசல் வண்டி. போய்ப் பார்த்தபோது தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு செடி முளைத்து ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியிருந்தது. ராதாகிருஷ்ணன் என்ஜினின் முன்பக்கம் குனிந்து, ஸ்பேனரைப் போட்டு ஒரு பெரிய நட்டைத் திருப்பினார். கிரீச்சென்று கால் சுற்று சுற்றியது. "உயிரு இருக்கு," என்றார்.

டோ லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டின் முன்தாழ்வாரத்தில் இறக்கினார்கள். அடுத்த இரண்டே கால் வருடம் அது அங்கேதான் இருந்தது. ராதாகிருஷ்ணனின் இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்திருந்தார்கள். அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது, அடிபடவும் கூடாது. ஆகவே அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, குமுதா செய்தாள். துருவை வெட்டி எடுத்துவிட்டு புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள். முதலில் போட்ட வெல்டிங் தையல்கள் எல்லாம் புழு ஊர்ந்த மாதிரி இருந்தன, உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். பிரேக் குழாய்களை மாற்றினாள். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினாள். என்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு நீட்டிப் பொருத்தும் முன்பு, அதன் ஒவ்வொரு இணைப்பையும் அடைத்துத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, தொழிற்சாலையில் பார்ப்பதுபோல ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கசியவில்லை.

"எங்க பெங்கல் பட்டறையில இப்படி யாரும் செக் பண்ணதில்ல," என்றார் ராதாகிருஷ்ணன். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது. மழை மாதம் நெருங்க நெருங்க அவள் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்ததை அவர் கவனித்திருந்தார்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பின் அச்சிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாய் ஒன்று மட்டும் பாக்கி. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று குமுதாவுக்கு அவசரம். ஜாக்கியைப் போட்டுத் தூக்கினாள். தாங்கு கட்டைகள் முன்பக்கம் இருந்தன, அவற்றை எடுத்து வரப் பொறுமை இல்லை.

"கழட்டி வச்ச டயரை வண்டிக்கு அடியில தள்ளிட்டு அப்புறம் படு," என்றார் ராதாகிருஷ்ணன்.

"அஞ்சு நிமிஷ வேலைங்க."

"அஞ்சு நிமிஷத்துலதான் ஆளு போறான். தள்ளு."

தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். மூன்றாவது நட்டை முடுக்கும்போது தலைக்குப் பக்கத்தில் ஏதோ மெல்ல நகரும் ஓசை கேட்டது. அடுத்த கணம் வெளிச்சம் போய்விட்டது. ஜாக்கி சறுக்கி, வண்டி அந்த டயரின்மேல் வந்து உட்கார்ந்தது. அச்சின் இரும்பு அவள் நெஞ்சை அழுத்தியது, நசுக்கவில்லை. மூச்சை வெளியே விட முடிந்தது, இழுக்க முடியவில்லை. ரப்பர் நசுங்கும் மணம் வந்தது. டயர் இன்னும் ஒரு விரல் அளவு இறங்கினால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இடுக்கு வழியே கணவரின் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. அவர் இரண்டு கைகளாலும் பம்பரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க," என்றாள். குரல் வரவில்லை. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துத் திரும்பச் சொன்னாள். "ஊசி போடற கை... எடுங்க."

அவர் எடுக்கவில்லை. "குகா! குகா!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக் குகன் சுவரைத் தாண்டிக் குதித்து, தன் ஜாக்கியைக் கொண்டுவந்து வண்டியைத் தூக்கினான். மொத்தம் நான்கு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு இரண்டு விலா எலும்பில் கீறல். ராதாகிருஷ்ணனின் கை வீங்கியிருந்தது, ஆனால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும் அதிர்வு இருந்தது. குமுதா அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

மூன்று வாரம் அவள் தாழ்வாரத்துப் பக்கம் போகவில்லை. வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவரும் சொன்னார், அவளும் தலையாட்டினாள். நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடி இடித்தது. ராதாகிருஷ்ணன் வெளியே வந்து பார்த்தபோது குமுதா தாங்கு கட்டைகளை அச்சுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டையையும் உதைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே தெரிந்த அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஏப்ரலில் வண்டி சாலைக்கு வந்தது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கேட்ட பரிசோதனையில் இரண்டாவது முறை தேறியது.

அந்த வருடம் நவம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை முழுக்க மழை கொட்டியது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சனிக்கிழமைக்குப் பிறகு டயாலிசிஸ் இல்லாததால் ராதாகிருஷ்ணனுக்கு ஏற்கெனவே மூச்சு கனத்திருந்தது.

"ஃபேன் பெல்ட்ட கழட்டிடு," என்றார். "ஃபேன் சுத்துனா தண்ணிய வாரி என்ஜின் மேல அடிக்கும். ஆனா பெல்ட் இல்லாம ரொம்ப தூரம் போகக்கூடாது, சூடாயிடும். மேட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்ருவோம்."

கழற்றினாள். இருவரும் ஏறி வண்டியைக் கிளப்பினார்கள். பிரதான சாலைக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. அங்கே தண்ணீர் பழுப்பாக, சாலை எது கால்வாய் எது என்று தெரியாமல் கிடந்தது. ஓரத்தில் நின்றவர்கள் போகாதே என்று கை காட்டினார்கள்.

"முதல் கியர். ஒரே வேகம். நடுவுல கியர் மாத்தாத, கால எடுக்காத," என்றார் ராதாகிருஷ்ணன்.

தண்ணீர் பம்பரைத் தாண்டியது, விளக்குகளைத் தொட்டது. கதவிடுக்கில் புகுந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. அந்தக் குளிர்ச்சி பட்டதும் அவளுக்குச் சமையலறை மேடை ஞாபகம் வந்தது, அவருடைய ஈர நெற்றி ஞாபகம் வந்தது. அப்போது மிதந்து வந்த குப்பைத்தொட்டி ஒன்று பக்கவாட்டில் மோதியது. அவள் கால் தானாக எழுந்தது. என்ஜின் சத்தம் அடங்கிக்கொண்டே போனது.

"மிதி!" என்று கத்தினார். மிதித்தாள். வண்டி உறுமி, குலுங்கி, முன்சக்கரம் எதிலோ பிடித்து மேலேறியது.

மேட்டில் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, டயாலிசிஸ் நிலையத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. ராதாகிருஷ்ணனை இயந்திரத்தில் இணைத்துவிட்டு நர்ஸ் விஷ்ணுப்ரியா குமுதாவின் அருகில் வந்தாள்.

"அக்கா, நாலு பேஷன்ட் வர முடியாம மாட்டிக்கிட்டாங்க. காத்தூன் பீவி அம்மா உங்களுக்கு அடுத்த தாமான் குடியிருப்புதான். மகன் ஜோகூர்ல இருக்காரு. போன் பண்ணா மூச்சு வாங்குது. மீட்பு போட் எப்ப வரும்னு தெரியல. நீங்க..."

"முடியாது மா," என்றாள் குமுதா. "என்னால மறுபடியும் அந்தத் தண்ணிக்குள்ள போக முடியாது."

கழிவறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கணவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ போகலன்னா யாரும் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்க," என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பயமா இருக்கு குமுதா."

இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த தாமானில் ஒரு சமையலறை, அதில் ஒரு மேடை, அதன்மேல் ஒரு பெண் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டாள்.

தண்ணீருக்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றினாள். பக்கத்து இருக்கையில் அவர் இல்லாததால், அவர் சொன்னதைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டு ஓட்டினாள். "முதல் கியர். கால எடுக்காத. கால எடுக்காத." விளக்குக் கம்பங்களை எண்ணினாள். நர்ஸ் சொன்னபடி பதினொன்றாவது கம்பத்தில் காத்தூன் பீவியின் தெரு. பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள்.

"யாரு புள்ள நீ?" என்றாள் கிழவி. உதடு நீலம் பாரித்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எதிர் சீட்டுல படுப்பாரே, அவரு சம்சாரம்."

தண்ணீரைத் தாண்டி மேட்டுக்கு வந்தாயிற்று என்று மூச்சு விட்டபோதுதான் முன்னால் சிவப்பு விளக்கில் ஒரு லோரி நிற்பதைப் பார்த்தாள். பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. நனைந்த பிரேக் பிடிக்காது, வெளியே வந்ததும் லேசாக மிதித்து மிதித்துக் காயவைக்க வேண்டும் என்று அவர் நூறு முறை சொல்லியிருந்தார். மறந்துபோயிருந்தாள். மறுபடி மிதித்தாள், மறுபடி. இன்னும் முதல் கியரில் இருந்ததுதான் காப்பாற்றியது. என்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்தது. லோரியின் பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் காத்தூன் பீவி முணுமுணுத்துக்கொண்டிருந்த ஓதல் நிற்கவே இல்லை. அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது.

மறுபடியும் தண்ணீரில் இறங்க குமுதாவுக்குத் துணிவு வரவில்லை. மீதி மூன்று பேரைப் பிற்பகலில் படகில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காத்தூன் பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமே தெரியாத புள்ள நீ," என்றாள்.

"பயத்துலதான்மா அந்த வண்டியையே செஞ்சேன்," என்றாள் குமுதா. "இப்பவும் அப்படியேதான் இருக்கு. கொஞ்சமும் குறையல."

உண்மைதான். மழை வலுத்தால் நிலையத்திலிருந்து இப்போது அவளுக்குத்தான் முதலில் போன் வருகிறது. மணி அடித்ததுமே வாசலுக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பாள். ஐந்து முறை போயிருக்கிறாள். ஆறாவது முறை, பள்ளத்தில் தண்ணீர் பானெட் உயரத்துக்கு மேல் ஓடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். ராதாகிருஷ்ணன் பக்கத்தில் இருந்தார். குமுதா போனை எடுத்து, "விஷ்ணுப்ரியா, இன்னிக்கு என்னால முடியல. மீட்பு போட்டுக்காரங்களுக்கு உடனே சொல்லிடு மா," என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, ரிவர்ஸ் போட்டு, ஓரமாகவே மெல்லப் பின்னால் வந்தாள்.