தாஸண்ணன் பார்க்காமல் போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. நம் யார்டில் கிரேன் ஓட்டிய பாஷா அனுப்பியிருந்தான். தாஸண்ணன் தவறிவிட்டார் என்று இருந்தது. நான் நம்பவில்லை. பாஷா எதையும் பாதி கேட்டு முழுதாகச் சொல்கிற ஆள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மனிதரின் நம்பருக்கே அடித்துப் பார்த்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா எடுத்தார்.

"நீயுமா கஸ்தூரி? காலைலேர்ந்து ஆளாளுக்கு இந்த நம்பருக்கே அடிச்சி, அவரு கீறாரா, அவருகிட்ட குடுன்னு கேக்குறீங்க. இல்லமே. பூட்டாரு. மெய்யாலுமே பூட்டாரு" என்றார்.

ராயபுரத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, பழைய ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீதான் எழுத வேண்டும் என்று பாஷா சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரோக்கியதாஸ் என்ற அந்த மனிதரை யார்டிலேயே அதிகம் திட்டியவள் நான். சரி, திட்டியவள் எழுதினால் பொய்யாகப் புகழ மாட்டாள் என்று நினைத்தானோ என்னவோ.

அவருடன் வேலை பார்க்காத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் இருந்த நம் கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் தாஸண்ணன். நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று திரையில் பார்த்து வாக்கி டாக்கியில் சொல்வது என் வேலை. நான் சொல்கிற இடத்துக்குப் போய் பாஷா பெட்டியைத் தூக்கி லாரியில் வைப்பான்.

தாஸண்ணனுக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுவது மாதிரி. டீக்கடைக்காரர் கிளாஸை வைத்தால் அதன் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்ப்பார். சம்பள நாளில் காலண்டரைப் பார்த்து, இது நிஜமாகவே முப்பதாம் தேதிதானா என்று இரண்டு பேரிடம் கேட்பார். ஒருமுறை பதினைந்து இன்ச் மானிட்டர் ஒன்று வந்து இறங்கியது. சட்டைப்பையிலிருந்து டெய்லர் டேப்பை எடுத்தார். திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை அளந்தார். கொண்டுவந்த ஆளைக் கூப்பிட்டார்.

"பதிமூணே முக்கால்தான் கீது. மீதி இன்னாச்சு?"

"சார், கண்ணாடி பதினஞ்சு இன்ச்தான் சார். ஓரம் பிளாஸ்டிக்குக்கு உள்ள போயிடும்."

"உள்ள பூட்டத யாரு நைனா பாக்கறது? உன் தாத்தனா?"

அந்த ஆள் போனபிறகு, "விக்கறவன் பொய் சொல்லமாட்டான். ஆனா எதுவரிக்கும் நிஜம்னு நாமதான் கேக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். காது புளித்துப்போகும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

அளப்பதோடு விட்டாரா? முறுக்குச் சோதனை என்று ஒன்று வைத்திருந்தார். எந்தப் புது மானிட்டர் வந்தாலும், அண்ணாச்சி கடையில் கெட்டி முறுக்கு வாங்கி வந்து, திரைக்கு எதிரே உட்கார்ந்து கடக் கடக்கென்று கடித்துக்கொண்டே உற்றுப் பார்ப்பார். நாங்கள் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தோம். விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கண்ணாடித் திரை ஒரு நொடிக்குப் பலமுறை அணைந்து எரியும், அது கண்ணுக்குத் தெரியாது. கெட்டியாக எதையாவது கடித்தால் தாடையோடு கண்ணும் அதிரும், அப்போது தெரிந்துவிடும். நல்ல திரையில் எழுத்து லேசாக நடுங்கும். மட்டமான திரை முழுசாகக் குதிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த திரையில் குறுக்கே அறுநூற்று நாற்பது புள்ளி, நெடுக்கே நானூற்று எண்பது. எழுத்து நன்றாகப் பெரிதாகத் தெரியும், ஆனால் யார்டு படத்தில் நாலு வரிசைதான் அதில் அடங்கும். மற்றதைப் பார்க்க நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு எண்ணூற்றுக்கு அறுநூறு வந்தது, ஏழு வரிசை தெரிந்தது. அதற்கடுத்து புது சாஃப்ட்வேர் போட்டார்கள். மொத்த யார்டும் ஒரே திரையில், இனி நகர்த்தவே வேண்டாம் என்றார் மேனேஜர். அதற்கு ஆயிரத்து இருபத்துநான்குக்கு எழுநூற்று அறுபத்தெட்டு வேண்டுமாம். பத்து மானிட்டர் வந்து இறங்கின. எல்லாம் பதினாலு இன்ச். ஒவ்வொன்றின் அட்டையிலும் அந்த ஆயிரத்து இருபத்துநான்கு கொட்டை எழுத்தில் இருந்தது.

மொத்த யார்டும் தெரிந்தது, வாஸ்தவம். ஆனால் எண்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. மதியத்துக்குள் கண்ணில் தண்ணீர் கொட்டும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். கண்ட்ரோல் ரூமில் இருந்த மூன்று பெண்களும் போய்ச் சொன்னோம். வேலை செய்ய வலித்தால் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்றார் மேனேஜர். தாஸண்ணனிடம் சொன்னோம். அவர் அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பளகிடும்மே, போ" என்று முடித்துவிட்டார். உலகத்தையே சந்தேகப்படுகிறவர் எங்கள் தலைவலியையும் சந்தேகப்படுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் அது நடந்தது. கும்மிடிப்பூண்டி போகும் லாரிக்கு ஒரு பெட்டி ஏற்ற வேண்டும். ஐந்தாவது வரிசையில் முப்பத்தெட்டாவது இடம். நான் முப்பத்துமூன்று என்று சொன்னேன். பாஷா முப்பத்துமூன்றில் இருந்ததைத் தூக்கினான். வாசல் கேட்டில் சீட்டைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்க்கவில்லை. பழைய துணி போக வேண்டிய லாரியில் செம்புக் கம்பிச் சுருள்கள் போயின. மறுநாளே பெட்டி சீல் உடையாமல் திரும்பி வந்தது. ஆனாலும் மேனேஜர் விடவில்லை. இது திருட்டுக்கு வெள்ளோட்டம் என்றார். என் அண்ணன் மணலியில் லாரி ஓட்டுகிறான் என்பது அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள்.

வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். திருடி என்ற பெயரோடு வடசென்னையில் எந்த யார்டு என்னை உள்ளே விடும்? எங்கள் தெருவில் இரண்டே நாளில் பேச்சு பரவியது. அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டான், "நெசமாவே தெரியாமதான் தப்பா சொன்னியா?" என்று. கூடப் பிறந்தவனே கேட்டுவிட்டானே என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தாஸண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டு. வேவு பார்க்க மேனேஜர் அனுப்பியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். உட்காரச் சொல்லவில்லை, ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"எந்த மானிட்டரு முன்னாடி குந்திக்கினு இருந்தே?"

"ஜன்னலோரம் இருக்குமே, அது."

"எத்தினி மணி இருக்கும்?"

"மூணு."

"மூணு, எட்டு, ஆறு எல்லாம் ஒரே மாதிரி தெரியுதா?"

"எனக்கு எதுவுமே சரியாத் தெரியலன்னுதானே அன்னிக்கே சொன்னேன்! நீங்கதானே பழகிடும்னு அனுப்புனீங்க!" என்று கத்தினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வாயைப் பிடுங்கித்தான் எனக்கு வேட்டு வைக்கப் போகிறார் என்று அண்ணனிடம் சொன்னேன்.

விசாரணை நாளில் மேனேஜர், முதலாளி, வெளியிலிருந்து வந்த வக்கீல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாஸண்ணன் அந்த ஜன்னலோர மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். யார்டு படத்தைப் போட்டார். ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்.

"அஞ்சாவது வரிசைல செவப்பு கலர்ல ஒரு நம்பர் கீது. ஒர்த்தரு ஒர்த்தர பாக்காம எயுதுங்க சார்."

எழுதினார்கள். காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாளிக்கு முப்பத்தெட்டு. வக்கீலுக்கு முப்பத்தாறு. மேனேஜர் முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தார். அப்புறம் தாஸண்ணன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இப்ப இத்த கடிச்சிக்கினு பாருங்க."

முதலாளி முறுக்கைக் கடித்தார். "ஐயோ, குதிக்குதேய்யா!" என்றார். நான் இருந்த நிலையிலும் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். தாஸண்ணன் விளக்கினார். இந்த மானிட்டருக்கு எண்ணூறுதான் ஒழுங்காக வரும். ஆயிரத்து இருபத்துநான்கில் போட்டால் எல்லாக் கோட்டையும் ஒரே தடவையில் வரையாது. ஒன்று விட்டு ஒன்றாக வரைந்துவிட்டு, விட்டதை அடுத்த தடவை வரையும். பொடி எழுத்தின் வளைவெல்லாம் அதில் கலங்கிவிடும். அட்டையில் போட்டிருந்தது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"இதையெல்லாம் சரின்னு சொல்லி வாங்கினது யாரு?" என்று கேட்டார் முதலாளி.

வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"நான்தான் சார். பல்லு புடுங்கின வாரம், கடிக்க முடியல. பல்லு ஒரு சாக்குதான், வேற மாதிரியும் பாத்துருக்கலாம். பாக்காம கையெயுத்து போட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அதுக்கு மூணாதான் தெரிஞ்சிருக்கும்."

என்னை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். அவரைக் கேட்டுக்கு மாற்றினார்கள். வெயிலில் நின்று பெட்டியையும் சீட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அவர் கேட்டில் இருந்த வருஷங்களில் ஒரு பெட்டிகூடத் தவறாக வெளியே போகவில்லை. லாரிக்காரர்களின் சாபத்தைக் கேட்டால் உங்களுக்கு மிச்சமும் புரியும்.

தட்டைத் திரைகள் வந்தபோது, எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று நாங்கள் புள்ளி அளவைக் குறைத்து வைத்தோம். எல்லாம் மசமசவென்று ஆனது. சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்து எட்டிப் பார்த்தவர், "இதுக்குன்னு பொறந்த அளவு ஒண்ணு கீது, அத்த மாத்தாதீங்க" என்று சரிசெய்துவிட்டுப் போனார். அகலத் திரை வந்த அன்று அதற்கும் டேப்பை எடுத்தார், அட்டையையும் படித்தார். "நெடுக்க அதே எழுநூத்தி அறுபத்தெட்டு புள்ளிதான். சைடுல இஸ்த்து வுட்டுட்டு புச்சுன்றான்" என்றார். எனக்குத் தெரிந்து யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று கேட்டருகே போய்க் கேட்டேன், அன்றைக்கு ஏன் உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டீர்கள் என்று. எனக்கு அது அத்தனை வருஷமும் சந்தேகமாகவே இருந்தது. இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள்? அவர் என்னை முறைத்தார். "ஊரையே சந்தேகப்பட்டுக்கினு, என்னிய மட்டும் வுட்டுட்டா அதுக்குப் பேரு சந்தேகம் இல்லமே. திமிரு" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் அவர் கேட்ட கேள்விகளை மேலே எழுதினேன் அல்லவா? கடைசிக் கேள்வியை எழுதாமல் விட்டேன். நான் கத்தி முடித்தபிறகு, நோட்டை மூடிவிட்டு அவர் கேட்டார்.

"நம்பர் சொல்றதுக்கு மின்னாடி, மூணா எட்டான்னு உனுக்கு டவுட்டு வந்துச்சா?"

"வரல" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். டீ கிளாஸின் அடியைத் தூக்கிப் பார்க்கிறவர், என் பதிலை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டு போய் மூன்று பேர் முன்னால் வைத்தார்.

வந்தது, அண்ணே. மூன்றா எட்டா என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்துத் திரையில் பார்த்திருக்கலாம், எழுந்துபோய்ச் சீட்டைக் கேட்டிருக்கலாம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதை ஒப்புக்கொண்டிருந்தால் கேட்டருகே வெயிலில் நீங்கள் தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று அந்த அறையில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்ன 'பாக்காம கையெயுத்து போட்டேன்' என்ற வாக்கியம்தான். என் வாயில் அது வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நம் யார்டு ஆட்கள் எல்லோரும் படிக்கப்போகிற மலரில் எழுதுகிறேன்: நானும் பார்க்காமல்தான் சொன்னேன்.