நாலு கதவையும் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

அன்று நடந்தவை, நான் பார்த்த வரிசையில்:

1. சனிக்கிழமை மாலை, அப்பாவின் காரில் நான்கு கதவுகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளவும் திறந்துகொள்ளவும் தொடங்கின.
2. ஞாயிறு மதியம் கிளம்பி, ராத்திரி முழுக்க ஓட்டி, அந்தக் காரில்தான் சித்தியை ஊருக்கு அழைத்துப் போவதாக இருந்தது. திங்கள் காலை ஏழரைக்குள், ராகுகாலம் பிறக்குமுன், அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.
3. பழுதைத் தானே பார்ப்பதாகச் சித்தி சொன்னாள்.
4. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான்கு கதவுகளின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடுகளும் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன.
5. நாங்கள் ஊருக்குப் போகவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மண்ணூரில் வாடகை வீடு. அப்பா ஒரு பழைய டீசல் காரை வாங்கிக் கம்பெனிகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கையான சித்தி, சங்கரன்கோவிலிலிருந்து வந்து இரண்டு வருடமாக எங்களோடு இருந்தாள். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஒரு பெரிய பலகையில் ஒயர்களை நிறம் பார்த்துப் படுக்க வைத்து, கிளிப் மாட்டி, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். அவளுடைய பலகைக்குக் கதவு ஒயர் மட்டும்தான் வரும். அது கதவுக்குள் எங்கே போய் முடிகிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பிடித்துவிட்டால் சித்தி ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்பது பேச்சு. லீவு எழுதிக் கொடுத்தாயா என்று அம்மா கேட்டபோது, இரண்டு நாளைக்குத்தான் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

ஞாயிறன்று மெக்கானிக் கடைகள் மூடியிருந்தன. ஓடும்போது தானாகத் திறக்கும் கதவுகளோடு, பின்சீட்டில் என்னையும் தம்பியையும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தி ஸ்குரூ டிரைவர் கேட்டாள்.

“நீ சுத்துறது ஒயரு. கதவக் கழட்ட ஒனக்கு என்ன தெரியும்?”

“கழத்துனாத்தான அத்தான் தெரியும்.”

அப்பா சிரித்துக்கொண்டே கொடுத்தார். கண்ணாடி இறக்கும் கைப்பிடியின் பின்னால் துணியைக் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் அதைப் பிடித்திருக்கும் கம்பி தெறித்து வெளியே வந்துவிடும் என்று அவரே காட்டியும் கொடுத்தார். என் பொறுப்பு டம்ளர்கள். ஒரு கதவுக்கு ஒன்று என நான்கு டம்ளர்களில், எந்தக் கதவின் ஸ்குரூ எதில் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன்.

முதலில் டிரைவர் கதவு. கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ஒயர் போகும் சிறிய ரப்பர் குழாயைச் சித்தி வெளியே இழுத்தாள். டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று அடுத்த கதவுக்குப் போனாள்.

அவசரப்படாமல் கழற்றினாள். ஒவ்வொரு பேடையும் எடுத்ததும் உள்ளே ஒயர் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். ஓர் இடத்தில் என் கையைப் பிடித்து உள்ளே விட்டு, டேப் சுற்றியிருப்பதைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். அவள் சுற்றுவதைப் போலவே ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் பாதிக்குப் பாதி ஏறியிருக்கிறதாம். எனக்கு அதில் அக்கறை இல்லை. ஊரில் மாமா பையன்கள் காத்திருப்பார்கள். சீக்கிரம் சித்தி, சீக்கிரம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, வண்டிய தோலுரிச்சி வச்சிகினு கீற. திரும்ப மாட்டத் தெரியுமா?”

“எங்க சூப்பர்வைசர் இதவிட மோசமாக் கேப்பாரு அண்ணாச்சி.”

மூன்றாவது கதவில் மணி மூன்றாகிவிட்டது. அதற்கு மேல் கிளம்பினால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்து தயாராக நேரம் இருக்காது. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். அம்மா வந்து சித்தியின் பக்கத்தில் நின்றாள்.

“ஏட்டி, நாலையுமா கழத்தணும்?”

“ஒண்ணப் பாத்து எப்படிக்கா சொல்ல?”

அம்மா உள்ளே போய், வழிக்குக் கட்டிய புளியோதரையை அவிழ்த்து எல்லோருக்கும் தட்டில் போட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். பெண் பார்ப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்ல அப்பா போன் பூத்துக்குப் போனார்.

ஐந்து மணிக்குச் சித்தி மறுபடியும் டிரைவர் கதவுக்கு வந்தாள். ரப்பர் குழாயை இழுத்து, தோல் உரிந்து செம்பு தெரிந்த பழுப்பு ஒயரை வெட்டி, முறுக்கி இணைத்து, டேப் சுற்றினாள். பத்து நிமிடம். என் பச்சை ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கம்பெனியில் செய்வதுபோல் அந்த டேப்பின் மேல் ஒரு டிக் போட்டாள். நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. பேடுகளைத் திரும்ப மாட்டி முடித்தபோது டம்ளர்களில் ஒரு ஸ்குரூகூட மிஞ்சவில்லை.

அடுத்த ஞாயிறு அவளும் அம்மாவும் பஸ்ஸில் போனார்கள். அம்மா மட்டும் திரும்பி வந்தாள்.

நான் இப்போது ஒரகடத்தில் கதவு ஒயர்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள்: கதவுகள் தாமாகப் பூட்டித் திறந்தால் முதலில் டிரைவர் கதவின் ரப்பர் குழாயைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் மடங்குவது அங்கேதான். பெரும்பாலும் வேறு எதையும் கழற்ற வேண்டியதில்லை. அவசரமாகக் கிளம்ப வேண்டுமென்றால் ஒரு பியூஸைப் பிடுங்கிவிட்டுக் கையால் பூட்டிக்கொண்டு போகலாம்.

அன்று பயணம் தள்ளிப்போனதில் அவளுக்குக் கிடைத்தது, திங்கள் முதல் சனி வரை, இன்னும் ஆறு ஷிப்ட் வேலை. அதற்காகத்தான் நாலையும் கழற்றினாளா, தன் ஒயர் போகும் இடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றா, தெரியவில்லை.

காரை அப்பா விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. சித்தி சங்கரன்கோவிலில் இருக்கிறாள், இரண்டு பையன்கள். மாதம் ஒருமுறையாவது போனில் பேசுகிறோம். அதை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.